8080ஆம் எண் வாசல்

(லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் யார் யார் கைபேசியில் கேமரா செயலி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பாதிக்கு மேல் கை உயரும் என்று நினைக்கிறேன். சிலர் சொந்த வீட்டு முன்வாசலைப் பார்க்கிறீர்கள். கடை வைத்திருப்பவர்கள் கல்லாப்பெட்டியைப் பார்க்கிறீர்கள். இன்னும் சிலர் படுக்கப்போகும் முன் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்கிறீர்கள். குளிர்காலத்தில் நமக்கு இரவு 11 மணி என்றால் சாவகச்சேரியிலும் கும்பகோணத்திலும் விடிகாலை 4:30. அம்மா எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்துபோவது தெரிந்தால்தான் பலருக்குத் தூக்கம் வருகிறது. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படம் எந்த வழியாக நம் கைக்கு வந்து சேர்கிறது, அதே வழியாக வேறு யார் உள்ளே போகலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. பலர் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “ரூட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் செய்வது எப்படி?” அதை முழுவதும் சொல்லித்தருகிறேன். சொல்லிமுடித்த பிறகு, கேமராவுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளப் போகிறேன். காரணம் புரியாமல் ஏற்றுக்கொண்ட தடையை யாரும் நெடுநாள் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே காரணத்திலிருந்து தொடங்குவோம்.

இணையத்தில் ஒரு கருவி இன்னொரு கருவியை எட்ட ஐ.பி. முகவரி வேண்டும். இன்றும் பெருமளவில் புழங்கும் நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். ஆளுக்கு ஒன்று கொடுக்கவே பற்றாது. ஒரு வீட்டில் இன்று டிவி, மடிக்கணினி, நான்கு கைபேசி, கேமரா என்று பத்துப் பதினைந்து கருவிகள் இருக்கின்றன. இந்தப் பற்றாக்குறை வரும் என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதைச் சமாளிக்க 1994இல் முன்மொழியப்பட்ட முறைதான் நாட். ஒரே பொது முகவரியை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள் தனியாக ஒதுக்கிவைக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். பிடி நிறுவனத்தின் ஹப் என்ற ரூட்டரை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் அந்த ஹப்பின் உள்முகவரி பொதுவாக 192.168.1.254தான். உங்கள் வீட்டிலும் அதே, பக்கத்து வீட்டிலும் அதே. உள்ளுக்குள் மட்டும் பயன்படுவதால் குழப்பமில்லை.

லண்டனுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் இருந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவிலக்கம். உள்ளே ஆறு அறை, ஆறு குடித்தனம். வாசலில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒருவர் கடிதம் போட்டால், யார் போட்டது என்று குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அந்த அறைக்குக் கொடுப்பார். யாரும் எதிர்பார்க்காத கடிதம் வந்தால், அது எந்த அறைக்கு என்று தெரியாததால் வாங்காமல் திருப்பிவிடுவார். ரூட்டர் செய்வதும் இதுதான். நீங்கள் உள்ளிருந்து யூடியூபைக் கேட்கிறீர்கள், பதில் உங்கள் கைபேசிக்கு வருகிறது. வெளியே பேருந்தில் இருந்துகொண்டு வீட்டுக் கேமராவைக் கூப்பிடும்போதோ, யாரும் கேட்காமல் வந்த கடிதமாக அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. போர்ட் ஃபார்வேர்டிங் என்பது வீட்டுக்காரரிடம் கொடுத்துவைக்கும் நிலையான உத்தரவு: “8080 என்று எழுதி எது வந்தாலும், யாரிடமிருந்து வந்தாலும், மாடியில் மூன்றாவது அறைக்கு அனுப்பு.” அந்த “யாரிடமிருந்து வந்தாலும்” என்ற சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

இனி செய்முறை. கடிதத்தில் எழுதியதாகச் சொன்ன 8080 போன்ற எண்தான் போர்ட். போர்ட் எண்கள் 0 முதல் 65535 வரை உண்டு. கேமராவின் இணையப் பக்கம் பெரும்பாலும் 80இல் இருக்கும், நேரடி வீடியோ ஓட்டம் 554இல் இருக்கும். முதல் வேலை, வீட்டுக்குள் கேமராவின் முகவரி மாறாதபடி ரூட்டரில் அதற்கென்று ஒன்றை ஒதுக்குவது. இதைச் செய்யாவிட்டால் ஒரு மின்தடைக்குப் பிறகு கேமராவுக்கு வேறு எண் கிடைத்துவிடும், உங்கள் விதி டிவியைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிறகு கணினியின் பிரவுசரில் ரூட்டரின் உள்முகவரியைத் தட்டி, நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போக வேண்டும். பிடி ஹப்பில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ஃபயர்வால் பகுதியில் இருக்கிறது. வர்ஜின் மீடியா ஹப்பின் உள்முகவரி 192.168.0.1, அதில் பாதுகாப்புப் பகுதிக்குள் தேட வேண்டும். வெளி போர்ட், உள் போர்ட், இணைப்பு வகை டிசிபியா யுடிபியா, எந்தக் கருவி என்று நான்கு விவரம் கேட்கும். கொடுத்துச் சேமித்தால் விதி தயார்.

வீட்டின் பொது முகவரியும் அவ்வப்போது மாறக்கூடியது. அதற்காக டைனமிக் டி.என்.எஸ். என்ற சேவை இருக்கிறது. முகவரி மாறும்போதெல்லாம் ரூட்டரோ ஒரு சிறு நிரலோ அந்தச் சேவையிடம் தெரிவிக்கும். நீங்கள் எண்ணை மறந்துவிட்டு ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சோதித்துப் பார்க்கும்போது கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். உள்ளேயிருந்து வெளிமுகவரிக்குப் போய்த் திரும்ப உள்ளே வருவதைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. விதி சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்று ஓர் இரவு முழுவதும் போராடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் எதுவும் வராத வீடுகளும் உண்டு. ஐரோப்பாவுக்கு முகவரி வழங்கும் ரைப் அமைப்பிடம் இருந்த நான்காம் பதிப்பு முகவரிகள் 2019 நவம்பர் 25 அன்று தீர்ந்துபோயின. பிறகு தொழில் தொடங்கிய இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் முகவரிகளைப் பிறரிடம் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழிக்குப் பெயர் கேரியர் கிரேட் நாட். உங்கள் ரூட்டருக்கு மேலே நிறுவனத்தின் இன்னொரு ரூட்டர் நிற்கிறது. அதில் விதி எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. மொபைல் இணைப்புகளில் இதுவே வழக்கம். ஊரில் அம்மா வீட்டில் 4ஜி ரூட்டர் வைத்திருந்தால் அநேகமாக இந்த நிலைதான். கண்டுபிடிப்பது எளிது. ரூட்டரின் பக்கத்தில் காட்டும் வெளிமுகவரியும், உங்கள் முகவரி என்ன என்று சொல்லும் இணையதளம் காட்டும் முகவரியும் வேறுவேறாக இருந்தால், இடையில் இன்னொரு நாட் இருக்கிறது. ரூட்டர் காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

செய்முறை இவ்வளவுதான். இனி, திறந்த வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

“என் வீட்டு முகவரி யாருக்குத் தெரியும்? இத்தனை கோடியில் என்னை யார் தேடப்போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. இயல்பான கேள்வி. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து, நான்காம் பதிப்பு இணையம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் எங்கெங்கே திறந்திருக்கிறது என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கும் முன்பே, 2009 முதல், ஷோடான் என்ற தேடுதளம் இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியலிட்டு வருகிறது. நாம் கூகுளில் சமையல் குறிப்பு தேடுவதைப் போல அங்கே கேமராக்களைத் தேடலாம். ஆகவே உங்களை யாரும் தேடி வருவதில்லை. எல்லாக் கதவையும் ஓயாமல் தட்டிப்பார்க்கிறார்கள், திறந்த கதவு குறித்துக்கொள்ளப்படுகிறது. 8080க்குப் பதில் 47213 என்று வைத்துக்கொண்டாலும் தாமதமாகுமே தவிரத் தப்பாது.

இந்த நாட்டில் இது எல்லோர் கண்ணிலும் பட்டது 2014 நவம்பரில். ரஷ்யாவிலிருந்து இயங்கிய ஓர் இணையதளம் உலகெங்கிலும் உள்ள கேமராக்களின் நேரடிக் காட்சிகளை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டனிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஐந்நூறு காட்சிகள். பர்மிங்ஹாமில் ஒரு குழந்தையின் படுக்கையறை, மான்செஸ்டரில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் என்று அப்போது செய்திகளில் வந்தது. தகவல் ஆணையராக இருந்த கிறிஸ்டோபர் கிரஹாம் பொதுமக்களை வெளிப்படையாக எச்சரித்தார். அந்தத் தளத்தை நடத்தியவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வெளியிலிருந்து எட்டக்கூடியதாக இருந்த கேமராக்களில், தொழிற்சாலையில் போட்டுவந்த கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். அந்தச் சொல் கேமராவின் கையேட்டில் அச்சாகியிருந்தது, கையேடு இணையத்தில் கிடைத்தது. ஐந்நூறு வீட்டாரும் கடைக்காரரும் நம்மைப்போல, பாதுகாப்புக்காகத்தான் கேமரா வாங்கினார்கள்.

உலகின் முதல் வெப்கேமரா என்று சொல்லப்படுவதும் இந்த நாட்டில்தான் இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் 1991இல், காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று மற்ற அறைகளிலிருந்து பார்க்க ஆய்வாளர்கள் ஒரு கேமராவை வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் அந்தக் கட்டடத்தின் வலைப்பின்னலுக்குள் மட்டுமே படம் தெரிந்தது. 1993இல் தெரிந்தே, விரும்பியே அதை உலகுக்குத் திறந்துவிட்டார்கள். திறந்தது ஒரு காபிப் பாத்திரத்தை. நாம் திறப்பது குழந்தை தூங்கும் அறையை.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதாதா? போதாது என்பதை 2021 செப்டம்பர் காட்டியது. உலகின் மிகப் பெரிய கண்காணிப்புக் கேமரா நிறுவனங்களில் ஒன்றான ஹிக்விஷனின் பல மாடல்களில் ஒரு குறை இருப்பது அந்த மாதம் வெளியானது. தாக்குகிறவருக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. கேமராவின் இணையப் பக்கத்தை எட்ட முடிந்தால் போதும், கேமராவின் முழு அதிகாரமும் அவர் கைக்குப் போய்விடும். 10க்கு 9.8 என்று அந்தக் குறையின் கடுமையை மதிப்பிட்டார்கள். நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை, அதாவது கேமராவின் உள்நிரலை, வெளியிட்டது. ஆனால் சுவரில் மாட்டிய கேமராவின் ஃபர்ம்வேரை எத்தனை வீட்டில் புதுப்பிக்கிறோம்? அதே கேமராக்கள் வேறு நிறுவனப் பெயர் ஒட்டியும் விற்கப்படுகின்றன. தம்மிடம் இருப்பது அந்த மாடல்தான் என்று தெரியாதவர்கள் ஏராளம். இந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் நான் எப்போதும் முதன்மையாகச் சொல்வேன். எவ்வளவு நல்ல கடவுச்சொல் வைத்திருந்தாலும், அதைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலையை மலிவான ஒரு கேமராவின் நிரலிடம் ஒப்படைத்திருக்கிறோம். அந்த நிரலில் ஓட்டை விழுந்தால் கடவுச்சொல்லை யாரும் கேட்கப்போவதில்லை. கேமராவை எட்ட முடிகிற நிலைதான் ஆபத்து.

உள்ளே வந்தவர்கள் படம் பார்ப்பதோடு நிற்பதும் இல்லை. கேமரா என்பது லென்ஸ் பொருத்திய கணினி. 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. தாக்கியது மிராய் என்ற தீநிரல். டெல்நெட் என்ற பழைய வாசல் திறந்திருந்த கேமராக்களிலும் பதிவுப்பெட்டிகளிலும் ரூட்டர்களிலும், ஏறத்தாழ 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு நுழைந்து, அதை ஏவியவர்கள் அவற்றையெல்லாம் ஒரு படையாக்கியிருந்தார்கள். அதே ஆண்டு மிராயின் ஒரு கிளைப்படையைக் கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஒரு தொலைபேசி நிறுவனம் தாக்கப்பட்டது. தாக்கியவர் சரே மாவட்டம் எகமைச் சேர்ந்தவர். லூட்டன் விமான நிலையத்தில் பிடிபட்டு, 2019 ஜனவரியில் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் நீதிமன்றத்தில் 2 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் ஏவிய படையில் இருந்தவற்றில் பெரும்பங்கு யாரோ பணம் கொடுத்து வாங்கி மாட்டிய பாதுகாப்புக் கேமராக்கள். அவற்றின் உரிமையாளர்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

நீங்களாகத் திறக்காத கதவும் திறந்திருக்கலாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யூ.பி.என்.பி. என்ற வசதி பல ரூட்டர்களில் தானாகவே இயக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் ரூட்டரிடம் “எனக்கு ஒரு போர்ட் திறந்துவிடு” என்று கேட்கலாம், ரூட்டர் உங்களைக் கேட்காமலேயே திறந்துவிடும். விளையாட்டுப் பெட்டிகளுக்குப் பயன்படும் இந்த வசதியைக் கேமராக்களும் பதிவுப்பெட்டிகளும் பயன்படுத்திக்கொண்டன. கேமரா மாட்டவந்த ஆள் “செருகினால் போதும், வெளியிலிருந்து தெரியும்” என்று சொல்லியிருந்தால், இது நடந்திருக்க வாய்ப்புண்டு. இன்னும் மோசமானது டி.எம்.இசட். என்ற அமைப்பு. ஒரு போர்ட்டைத் திறப்பதற்குப் பதில், வெளியிலிருந்து வருவது அனைத்தையும் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும். போர்ட் விதி வேலை செய்யவில்லை என்ற அவசரத்தில் அதைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்நாட்டின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2020 மார்ச்சில் வீட்டுக் கேமராக்களுக்கு வெளியிட்ட அறிவுரையிலும், ரூட்டரில் யூ.பி.என்.பி.யையும் போர்ட் ஃபார்வேர்டிங்கையும் அணைப்பது பற்றிச் சொல்லியிருக்கிறது.

சரி, அம்மாவை எப்படிப் பார்ப்பது?

என் பதில் வி.பி.என். மற்ற நாட்டுப் படம் பார்க்க மாதச் சந்தா கட்டும் வி.பி.என். அல்ல. உங்கள் வீட்டுக்குள் நீங்களே நிறுவிக்கொள்ளும் ஒன்று. வயர்கார்டு என்ற நிரலை நான் பரிந்துரைக்கிறேன். 2020 மார்ச்சில் லினக்ஸின் மையத்திலேயே சேர்க்கப்பட்ட, அளவில் சிறிய, பலர் ஆராய்ந்து பார்த்த நிரல் அது. ஃபிரிட்ஸ்பாக்ஸ், ஏசஸ் போன்ற ரூட்டர்கள் சிலவற்றில் உள்ளேயே வருகிறது. இல்லாவிட்டால் ஒரு ராஸ்பெரி பை போதும். கேம்பிரிட்ஜில் உருவாகி 2012இல் விற்பனைக்கு வந்த அந்தச் சின்னஞ்சிறு கணினி நம் பிள்ளைகள் பலரிடம் மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு போர்ட்டைத் திறக்கத்தான் வேண்டும். வழக்கமாக யுடிபி 51820. முன்னே சொல்லித்தந்த செய்முறை இங்கேதான் பயன்படப்போகிறது. வேறுபாடு எங்கே? வயர்கார்டு தனக்கு முன்பே தெரிந்த சாவியால் முத்திரையிட்டு வராத எதற்கும் பதில் சொல்வதே இல்லை. “தவறான கடவுச்சொல்” என்றுகூடச் சொல்லாது. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்றே தோன்றும். உங்கள் கைபேசியில் உள்ள சாவி பொருந்தினால், வீட்டுக்குள் இருப்பது போலவே ஆகிவிடுவீர்கள். பிறகு கேமராவை 192.168 என்று தொடங்கும் அதன் உள்முகவரியிலேயே கூப்பிடலாம். கேமரா ஒருபோதும் வெளியுலகைப் பார்ப்பதில்லை. அதன் ஃபர்ம்வேர் பழையதாக இருந்தாலும், அதில் நாளைக்கு ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டாலும், தெருவில் போகிறவன் அதை எட்ட முடியாது.

ஊரில் 4ஜி இணைப்பு, அங்கே போர்ட் திறக்கவே முடியாது என்றால், வழியைத் திருப்பிப்போடலாம். இங்கே லண்டன் வீட்டில் பொது முகவரி இருக்கிறதல்லவா? வயர்கார்டின் மையத்தை இங்கே வையுங்கள். ஊர் வீட்டில் ஒரு ராஸ்பெரி பை, அது உள்ளிருந்து வெளியே, லண்டனை நோக்கித் தானே இணைத்துக்கொள்ளும். வெளியே போகும் இணைப்பை நாட் ஏற்பாடு எதுவும் தடுப்பதில்லை. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொட்டலம் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி ஒரு வரி எழுதிவிட்டால், இடையில் நிற்கும் நிறுவனத்தின் ரூட்டர் இந்தத் தொடர்பை மறந்துவிடாது. நீங்கள் எங்கிருந்தாலும் முதலில் லண்டன் வீட்டை அடைந்து, அங்கிருந்து அந்தப் பாதை வழியாகச் சாவகச்சேரியை அடையலாம். மின்சாரம் போய்த் திரும்பினாலும் தானாக எழுந்து தானாக இணைந்துகொள்ளும்படி அமைத்துவிடுங்கள். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாளில் அம்மாவுக்குத் தொலைபேசியில் கட்டளை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு வீட்டிலும் கேரியர் கிரேட் நாட் இருந்தால் டெயில்ஸ்கேல் போன்ற சேவை அதே வயர்கார்டை அடிப்படையாகக் கொண்டு இரு முனைகளையும் சேர்த்துவைக்கும்.

இன்னொரு சிறு விஷயம். தொலைவிலிருந்து பார்க்கும்போது செலவாவது கேமரா இருக்கும் வீட்டின் பதிவேற்ற வேகம். பல இணைப்புகளில் அது பதிவிறக்க வேகத்தைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும். கேமராவில் பெரும்பாலும் இரண்டு ஓட்டம் இருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பதற்குத் தெளிவு குறைந்த துணை ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இதெல்லாம் செய்ய நேரமில்லை, ஆள் இல்லை என்பவர்களுக்கு நிறுவனத்தின் செயலி இருக்கிறது. கேமரா தானே நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போய் நிற்கிறது, நீங்களும் அங்கே போய்ப் பார்க்கிறீர்கள். கேமராவுக்கு நேரே போர்ட் திறப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து. ஆனால் அங்கே நம்பிக்கை முழுவதையும் அந்த நிறுவனத்தின் மேல் வைக்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவை தடைப்பட்டு மீண்டபோது, ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் கேமராவின் படங்கள் தெரிந்தன. ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள். வீட்டுக்குள் நோக்கும் கேமராவை இந்த வழியில் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். வாசலை நோக்கும் கேமராவுக்கு இது போதும். தீபாவளி நெருங்கும்போது தங்க நகைத் திருட்டைப் பற்றி லண்டன் காவல்துறை நம் குடும்பங்களை எச்சரிப்பது உங்களுக்குத் தெரியும். வாசல் கேமராவின் தேவையை நான் மறுக்கவில்லை.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. 2022இல் நிறைவேறி 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளை எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு இந்நாட்டில் விற்கக்கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். குறை கண்டவர்கள் தெரிவிக்க ஒரு வழி வைக்க வேண்டும். மீறினால் 1 கோடி பவுண்டு அல்லது உலக வருமானத்தில் 4 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். நான் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேமராவை இது மாற்றிவிடாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததையும், இங்கிருந்து வாங்கி ஊருக்குக் கொடுத்தனுப்பிய பழையதையும் காப்பாற்றாது.

நம் கேமரா தெருவையோ பக்கத்து வீட்டுத் தோட்டத்தையோ பிடித்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம், அழைப்புமணிக் கேமராவும் பிற கேமராக்களும் வைத்திருந்த ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் உரிமையை மீறினார் என்று தீர்ப்பளித்தது. படத்தைவிட, தொலைவில் பேசுவதையும் பிடிக்கும் ஒலிவாங்கியைத்தான் நீதிபதி கடுமையாகக் கருதினார். ஒலிப்பதிவு தேவையில்லை என்றால் இன்றே அணையுங்கள்.

கடைசியாக, படத்தில் தெரிகிறவர்களைப் பற்றி. கேமராவை வாங்குவது பிள்ளைகள், மாட்டுவது பிள்ளைகள், பார்ப்பது பிள்ளைகள். அதன் முன்னால் நாள் முழுவதும் நடமாடுவது அம்மா. அவரிடம் கேட்டீர்களா? “உங்கள் நல்லதுக்குத்தான்” என்று சொல்லியிருப்போம். அது கேட்டதாகாது. எந்த அறையில் வைக்கலாம், எந்த நேரத்தில் பார்ப்போம், யார் யார் பார்ப்போம் என்று சொல்லி அவர் சம்மதித்த பிறகு மாட்டுங்கள். படுக்கையறையும் குளியலறைப் பக்கமும் வேண்டாம். கூடத்தில், நடமாட்டம் தெரிகிற மூலையில் ஒன்று போதும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் அந்த உரிமை உண்டு. கேமராவின் மின்சுவிட்ச் அம்மாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். அவர் அணைத்துவைத்தால் உடனே தொலைபேசியில் கோபிக்காதீர்கள், காலையில் பேசிக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்பதுதான் கவலை என்றால், கழுத்தில் அணிந்து அழுத்தும் அவசரப் பொத்தான் அந்த வேலையைக் கேமராவைவிட நன்றாகச் செய்யும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, போர்ட் ஃபார்வேர்டிங் பட்டியலைப் பாருங்கள். எதற்கென்று தெரியாத வரி இருந்தால் நீக்குங்கள். யூ.பி.என்.பி.யை அணையுங்கள். அணைத்த பிறகு பிள்ளையின் விளையாட்டுப் பெட்டி முறையிட்டால், அதற்கு மட்டும் தனியாக விதி எழுதிக்கொடுக்கலாம். வயர்கார்டு அமைக்க விரும்புகிறவர்களுக்காக ஒரு ராஸ்பெரி பையும் கேமராவும் அந்த மேசையில் இயங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ரூட்டரின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள், ஒவ்வொருவராகப் பார்ப்போம்.